அரிசி வாளி

அட்டவணை முதலில் நான்கு நிறத்தில் இருந்தது.
படிப்புக்கு நீலம், சமையல் முறைக்குப் பச்சை,
ஆங்கிலம் பேசிப் பழக மஞ்சள்.
சுய முன்னேற்றம் என்று ஒரு சிவப்பு.
அதற்குள் என்ன செய்வதென்று தெரியாமலே
அடிமட்டம் வைத்துக் கோடு போட்டிருந்தேன்.

வெள்ளவத்தை, கடற்பக்க ஒழுங்கை, மூன்றாம் மாடி.
மூன்று பேர், ஓர் அறை.
ரயில் போகும்போதெல்லாம் சுவர் ஒருமுறை நடுங்கும்.
இரண்டாம் கிழமை செலோரேப் விட்டது.
திரும்ப ஒட்டுவதற்கென்று
அட்டவணையில் கட்டம் இருக்கவில்லை.

எங்களை எழுப்பியது தண்ணீர்தான்.
மோட்டரை நாலரைக்குப் போட்டு
ஐந்தேகாலுக்கு நிறுத்திவிடுவார்கள்.
குளிக்காதவள் அன்று முழுக்கக் குளிக்காதவள்.
மன உறுதி பற்றி நான் இருந்த எந்த வகுப்பும்
அந்தக் குழாயளவு கண்டிப்பாக இருந்ததில்லை.

காசுக்கு மூன்று கடித உறை: வாடகை, சாப்பாடு, பஸ்.
ஒரு வெள்ளிக்கிழமை பஸ்ஸிடம் கைமாற்று வாங்கிக்
கொத்து ரொட்டி தின்றேன், சீஸ் போட்டது.
திங்கள் வகுப்பு முடிந்து பம்பலப்பிட்டியிலிருந்து நடை,
நேர்முகத்துக்கென்று வாங்கிய புதுச் சப்பாத்தோடு.
கொடுத்தவளும் நான், வாங்கியவளும் நான்.
வட்டியைக் குதிக்கால் கட்டியது.

ஃபோனைத்தான் வெல்ல முடியவில்லை.
கவிழ்த்து வைத்தேன், கை தானாய்ப் புரட்டியது.
அலமாரியில் பூட்டினேன், சாவி என்னிடமே இருந்தது.
பர்ஹானா சொன்னாள்:
"எடுக்கிறது கரைச்சலா இருக்க வேணும், அவ்வளவுதான்."
அப்படி வந்தது அரிசி வாளி.
மூன்று ஃபோனும் சம்பாவுக்குள், அடிவரை.
இரவு ஏழிலிருந்து ஒன்பது,
சனியென்றால் காலை ஒன்பதிலிருந்து பதினொன்று.
இடையில் கை விட்டவள் மறுநாள் மீன் வெட்ட வேண்டும்.

தர்மினி ஒரே கிழமையில் நாலு நாள் வெட்டினாள்.
ஐந்தாம் நாள் வெட்டவில்லை.
யாரும் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.
மரக்கறி சமைத்தோம்.

நவம் மாவத்தை, பதினோராம் மாடி, பல்லுக் கிட்டும் குளிர்.
கப்பல் சரக்குக் கம்பனி.
"உங்களை நீங்களே எப்படி முகாமை செய்கிறீர்கள்?"
ஆங்கிலத்தில் மூன்று வசனம் பாடமாக்கி வைத்திருந்தேன்.
வாயில் வந்தது வாளி.
சொல்லிவிட்டேன், மீன் உட்பட.
நடுவில் இருந்தவர் எதையோ எழுதினார்.
தலைகீழாக வாசிக்கப் பார்த்தேன், மோசமான கையெழுத்து.
ஓரத்தில் இருந்த பெண் மட்டும் கேட்டாள்,
"வண்டு வராதா?"

ஒன்பது நாளாயிற்று.
அட்டவணை இப்போது பென்சிலில்.
சிவப்புக் கட்டத்தில் 'செலோரேப் வாங்கு' என்றிருக்கிறது.

சனி காலை, பத்து ஐம்பது.
வாளிக்குள் என் ஃபோன் அடிக்கிறது,
தொண்டை கட்டியவள் கூப்பிடுவதுபோல.
பர்ஹானா பேனையை வைத்துவிட்டாள்.
தர்மினி மீன்கத்தியைப் பார்க்கிறாள், பிறகு என்னை.
ரயில் போகிறது.
சத்தம் நின்று, திரும்பத் தொடங்குகிறது.

இன்னும் பத்து நிமிடம்.