எவ்வளவு வெள்ளை

அறிக்கையின் அட்டையில் ஒரு பச்சை இலை.
நாற்பத்தெட்டுப் பக்கம், வழவழப்புத் தாள்.
எந்த மரத்து இலை என்று
தெனிஸ்லித் துண்டு ஆலையில்
ஒருவருக்கும் தெரியவில்லை.

மூன்றாம் தொட்டியின் மீட்டரை
இரவுதோறும் குறித்து வைப்பவன் நான்.
ஒரு வெள்ளைத் துண்டு
நான்கு முறை குளிக்கிறது.
நான்காவது குளியல்
கண்ணுக்கே தெரியாத அழுக்குக்கு.

பட்ஜெட் கூட்டத்தில், வாயில் பாதித் தேநீரோடு,
கொதிகலன் ரிஃப்கி கேட்டான்:
"இவ்வளவு வெள்ளை யார் கேட்டது?"

கொள்முதல் விற்பனையைப் பார்த்தது.
விற்பனை ஒப்பந்தத்தைப் புரட்டியது.
அதில் ஓர் எண்,
பதினோரு வருடம் முன்பு யாரோ தட்டச்சு செய்தது.

செவின்ச் ஹாம்பர்க்குக்குப் போன் போட்டாள்.
ஹோட்டல்காரர் சிரித்தாராம்:
"எங்கள் குளியலறை விளக்கே மஞ்சள்தானே."

இப்போது விலைப்பட்டியலின் முதல் வரி
பாலாடை நிறம்.
வெள்ளை வேண்டுமா, தண்ணீருக்கும் சேர்த்துக் கொடு.
விற்பனைக்காரர்களின் போனஸ் தாளில்
என் மீட்டருக்கும் ஒரு கட்டம்.

நேற்று அவர்களில் ஒருவன்
டை கட்டியபடியே தொட்டியடிக்கு வந்து
கண்ணாடிமேல் விரலால் தட்டினான்.
முள் இறங்கவில்லை.
இன்னொரு முறை தட்டினான்.