பதினோராம் வளைவு

உயர்நிலைப் பள்ளியில்
வெப்பமானி ஒன்றைக் கடன் கேட்டேன்.
உடைந்தால் இருநூற்றைம்பது ரூபாய் என்று
என் கண்ணைப் பார்த்துச் சொல்லிவிட்டு
பழைய சாக்ஸ் ஒன்றில் போட்டுத் தந்தார்
ஆய்வக உதவியாளர்.

கன்னங்குறிச்சியில் எங்கள் நான்காம் வகுப்புக்கு
ஜன்னலைத் திறந்தால் மலைதான்.
படம் வரையச் சொன்னால்
முப்பத்தொரு பேரும் அதைத்தான் வரைவார்கள்.
அதன் உச்சியில் ஒரு சூரியனையும் வைப்பார்கள்,
அந்தப் பக்கம் சூரியன் உதிப்பதே இல்லை என்றாலும்.
ஏற்காடு போனவர்கள் கை தூக்குங்கள் என்றேன்.
ஒன்பது கை.
ஒன்றைப் பொய் என்று
பக்கத்துப் பெண் இழுத்து இறக்கினாள்.

கோரிமேடு தாண்டியதும் வேலையைப் பிரித்தோம்.
வளைவுக்கு ஒருவர் வெப்பமானி பிடிக்க,
அஃப்ரீன் வாசிக்க,
நிதிலன் நோட்டில் கட்டம் போட்டு எழுத,
மீதிப் பேர் கத்த.
வளைவு தாண்டி ஓரம் கிடைக்கிற இடத்தில்
அரை நிமிடம் நிறுத்துவதாக
ஓட்டுநர் மாதையன் வாக்குக் கொடுத்திருந்தார்.

அடிவாரத்தில் முப்பத்தொன்று.
இரண்டாம் வளைவிலும் அதே.
ஐந்தில் இருபத்தொன்பதரை.
"இறங்குது டீச்சர், இறங்குது!"
என்று குதித்தார்கள்
ஏறிக்கொண்டிருந்த பேருந்துக்குள்.

ஏழில் ஹரிணிகா வாந்தி எடுத்தாள்.
எட்டில், அவளைப் பார்த்த இருவர்.
நிதிலன் அதற்கும் ஒரு கட்டம் போட்டுக்கொண்டான்.
நான் சொல்லவில்லை.

பதினொன்றில் மோனிஷின் முறை.
ஜன்னலோர இருக்கையைச் சண்டை போட்டு வாங்கியவன்
கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.
வெளியே, பாதாளத்தில்,
சேலம் முழுக்கத் தீப்பெட்டிகளாகச் சிதறிக் கிடந்தது.
வெப்பமானியை வாங்கிக்கொண்டான்.
அஃப்ரீன் வாசித்தாள்:
முப்பத்திரண்டரை.

இருக்காது என்றார்கள். இருக்கு என்றாள்.
பின்னால் லாரிக்காரர் ஹாரனை விடவில்லை.
எழுதிக்கொண்டோம்.

மேலே போனதும் இருபத்துநான்கு.
ஏரிக்கரையில் தக்காளி சோறு தின்றோம்.
குரங்கொன்று தட்டுவடைப் பொட்டலத்தோடு
சில்வர் ஓக்கில் ஏறியது,
சுற்றியிருந்த மிளகுக் கொடியை மிதித்தபடி.
பச்சை மிளகைக் கடித்துப் பார்த்த ஆறு பேர்
தண்ணீர் பாட்டிலுக்கு ஓடினார்கள்.
ஏழாவது ஆள்,
அவர்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே கடித்தான்.

மறுநாள் வரைபடத் தாளை விரித்தோம்.
படிப்படியாய் இறங்கி வந்த கோடு
பதினொன்றில் மட்டும்
கொசு கடித்த இடம்போல் வீங்கி நின்றது.
லாரிப் புகை என்றான் ஒருவன்.
வெயில் என்றாள் ஒருத்தி.
அங்கே யாரோ சோறு ஆக்கியிருப்பார்கள் என்று
தியாஷினி உறுதியாகச் சொன்னாள்.

தலைமையாசிரியை எட்டிப் பார்த்தார்.
"திங்கட்கிழமை வட்டாரக் கல்வி அலுவலர் வர்றார்.
அதை அழிச்சிட்டு இருபத்தேழரைன்னு போட்டுடுங்க."
ரப்பர் என் கையில்தான் இருந்தது.
ஒரு சென்டிமீட்டர் கோடு,
யாருக்கும் நஷ்டமில்லை.

மோனிஷ் எழுந்தான்.
"கீழ பாத்துட்டேன் டீச்சர்.
பயத்துல இறுக்கிப் பிடிச்சிட்டேன்."
எங்கே பிடித்தாய்?
"சிவப்பு குமிழ் இருக்குல்ல, அத."

கடைசி பெஞ்ச் சிரித்தது.
சிரித்து முடித்துவிட்டு
தன் தன் உள்ளங்கையைப் பார்த்தது.

அப்புறம் நான் எதுவும் நடத்தவில்லை.
அவர்களே வரிசையில் நின்றார்கள்.
குமிழைப் பொத்திப் பிடித்து அறுபது எண்ணினார்கள்.
தியாஷினி முப்பத்துநான்கு.
ஹரிணிகா முப்பத்துமூன்றரை.
குழாயில் கைகழுவி வந்து ஏமாற்றப் பார்த்தவன் முப்பது.
சர்வேஷ் முப்பத்தேழரை என்றதும்
கைதட்டல் எழுந்தது.
நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.
நிஜமாகவே காய்ச்சல்.
அவன் அம்மாவுக்கு போன் போட்டோம்.

வெப்பமானி உடையாமல் திரும்பிப் போனது.
சாக்ஸைத்தான் காணவில்லை.

திங்கட்கிழமை அலுவலர் வந்தார்.
சுவரில் அந்த வீக்கம் அப்படியே இருந்தது.
அம்புக்குறி போட்டு
"மோனிஷ் கை" என்று எழுதியிருந்தார்கள்.
தலையாட்டினார்.
பிறகு நிதிலனின் நோட்டை வாங்கி
கடைசிக் கட்டத்தில் விரலை ஓட்டினார்.
ஏழு: ஒன்று. எட்டு: இரண்டு. பதின்மூன்று: ஒன்று.
பதினாறுக்கு நேரே வந்ததும்
விரல் நின்றது, என்னை நிமிர்ந்து பார்த்தார்.
எண் எதுவும் இல்லை அங்கே.
அழகான கையெழுத்தில்
ஒரே ஒரு சொல்:
டீச்சர்.