பசியாறியாச்சா

பினாங்கில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி அதுதான்.
மின்தூக்கியில், படகுத்துறையில்,
ஆஸ்பத்திரிக் கட்டிலருகே கூட.
நானும் கேட்கிறேன்,
பாயான் லெப்பாஸ் ஆய்வுக்கூடத்தில், காலை ஏழரைக்கு,
தட்டுகளின் மூடியை ஒவ்வொன்றாய் விலக்கி:
பசியாறியாச்சா? என்ன சாப்பிட்டாய்?

பதில் நிறத்தில் வரும்.
பாற்சர்க்கரை தின்றவை புளிப்பைக் கக்க
சிவந்த அகார் மஞ்சளாகும்.
அவை, பெரும்பாலும், யாருக்கும் தொல்லையில்லாத குடல்வாசிகள்.
சால்மோனெல்லா பாற்சர்க்கரையைத் தொடாது.
சிவப்பிலேயே நின்று
நடுவில் ஒரு கறுப்புக் கண் விழிக்கும்.
பதினோரு வருஷமாய் அந்தக் கண்ணைத் தேடித் தேடி
என் மூக்குக்கண்ணாடி இரண்டு முறை மாறிவிட்டது.

செவ்வாய்க்கிழமை வந்தது முட்டைச் சம்பல்.
தொழிற்சாலைக் கேன்டீன், இரவு ஷிப்ட்,
பத்தொன்பது பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு.
ஒருத்தி வசுமதி, ஆறு மாதம்.
பெயர் எனக்குத் தெரிந்திருக்கக் கூடாது;
படிவத்தின் ஓரத்தில் யாரோ பென்சிலில் கிறுக்கியிருந்தார்கள்.

வெள்ளி காலை தட்டு முழுக்க மஞ்சள்.
மாங்காய்ச் சாறு சிந்தியது போல, அப்படியொரு அப்பாவி மஞ்சள்.
'இல்லை' என்று எழுதினேன்.
கையெழுத்து அழகாகவே விழுந்தது.
கீழே போய் தே தாரிக் குடித்தேன், சீனி குறைச்சு.
(வீட்டில், ராத்திரி, பிரிட்ஜ் கதவு வெளிச்சத்தில்
பால்கோவா தின்பது வேறு கணக்கு.
என் டாக்டருக்கும் நான் 'இல்லை' என்றுதான் எழுதித் தருகிறேன்.)

இன்னொரு தட்டும் இருந்தது, வெளிர்பச்சை, பிஸ்மத் கலந்தது.
அது சர்க்கரையைப் பற்றி விசாரிக்காது.
நாற்பத்தெட்டு மணி நேரம் காத்துப் பார் என்பது விதி.
ஒன்றும் இருக்காது என்று
பார்க்காமலே நாங்கள் கையெழுத்துப் போட்ட நாட்கள் உண்டு.
சனிக்கிழமை விடுமுறை.
மழை. குடையை மேசைக்கடியில் விட்டிருந்தேன்.
குடைக்காகத்தான் வந்தேன்.

கறுப்பு.
புதுச் சட்டியின் அடிபோல்
உலோகம் மினுங்கும் கறுப்பு, ஒன்றல்ல, முப்பது நாற்பது.
மஞ்சளிலிருந்து ஒரு துளி எடுத்து
ஊசிமருந்து நீரில் கலந்து கண்ணாடிச் சில்லைச் சாய்த்தேன்.
அரை நிமிஷம்.
பால் திரிந்தது போல் திரிந்தது.

ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள்.
இது இலுப்பைப்பூவோடு நிற்கவில்லை.
பக்கத்தில் வாழ்ந்த ஏதோவொரு கிருமியிடம்
ஒரு மரபணு வளையத்தைக் கைமாற்றாய் வாங்கி
பாலைத் தின்னக் கற்றிருக்கிறது.
ஒளிந்துகொள்ள அல்ல. பசிக்குத்தான்.
ஒளிவிடம் ஆனது
நான் கேள்வியை ஒரே மாதிரி கேட்டதால்.

நொராய்னியை அழைத்தேன். "அல்லாஹ்," என்றாள்,
பிறகு, "யார் சொல்வது?"
வெள்ளி பகல், வெள்ளி இரவு, இன்று காலை.
மூன்று வேளை, வேளைக்கு இருநூறு முட்டை என்று
சன்னல் கண்ணாடியில் விரலால் கணக்குப் போட்டேன்.
ஆவி படிந்து எண்கள் வழிந்தன.

கேன்டீன் முனிரத்தினம் மூன்றாம் மணியில் எடுத்தார்.
பின்னால் வாணலிச் சத்தம்.
எண்ணெயில் ஏதோ விழுகிறது.
நான் வாயைத் திறக்குமுன்,
வழக்கம்போல, மரியாதையாக,
"வணக்கம் மேடம், பசியாறியாச்சா?"