ஏழு ஏழாக

சுண்டுவிரலுக்கு ஒரு கணக்கு இருக்கிறது.
நுனி போனால் இவ்வளவு,
இரண்டாம் கணுவரை போனால் இவ்வளவு.
அந்த அட்டவணை மூன்றாம் மாடியில், எலும்பு மருத்துவரிடம்.
நாங்கள் உட்கார்ந்திருப்பது ஏழாம் மாடி, நொவீனா.
அடைக்கலத்துக்குப் பத்து விரலும் இருக்கின்றன.

நான் மொழிபெயர்ப்பாளர். மணிக்கூலி.
விதி இதுதான்: சொன்னதைச் சொல்,
கூட்டாதே, குறைக்காதே,
தன்மை ஒருமையில் பேசு.
ஆகவே காலை பத்தேகாலிலிருந்து
துவாஸ் கப்பல்பட்டறையில் வேலை பார்த்தவன் நான்தான்.
தொட்டியின் வாயில் முக்காலி போட்டு உட்கார்ந்து
உள்ளே இறங்குகிறவன் பெயரை எழுதி
ஏறி வந்ததும் கோடு கிழித்தவன்.
அன்றைக்கு ஐந்து பெயர்.
நான்கு கோடு.

தூக்கம் எப்படி என்று டாக்டர் குவெக் கேட்டார்.
"தூங்குறேன்க்கா. தூக்கத்துலதான் டூட்டி பாக்குறேன்."
பசி?
"ஈரக்கொல நடுங்குது."
கல்லீரல் என்றேன், வேறு என்ன சொல்ல.
வலி எங்கே, இங்கேயா என்று
டாக்டர் தன் வயிற்றைத் தொட்டுக் காட்ட
அடைக்கலம் மரியாதைக்குத் தலையாட்டினான்.
இல்லை டாக்டர், மன்னிக்கணும், அது பயம் என்றேன்.
எழுதியதை அடித்துவிட்டுப் பயம் என்று போட்டார்.
அதுவும் கொஞ்சம் சின்ன சொல்தான்.

முன்பெல்லாம் ஞாயிறு விடுதியில்
பன்னிரண்டு பேருக்குக் கோழி ஆக்குவானாம்.
இப்போது அரிசி களைவதோடு சரி.
அடுப்பு பற்றும்போது பக்கென்று ஒரு சத்தம் வருமே,
அதற்குள் சொஹ்ராப் இருக்கிறான்.
படிவத்தில் இதற்கும் கட்டம் உண்டு:
சமையல், பகுதியளவு.

கேட்ட கேள்வியையே சட்டை மாற்றித் திரும்பக் கேட்பார்கள்,
நடிப்பா என்று பார்க்க.
இவனோ
முதல் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை போல என்று
இன்னும் நல்லதாக ஒன்றைத் தேடுகிறான்.

பிறகு, நூற்றிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்.
தொண்ணூத்தி மூணு.
எண்பத்தாறு.
எழுபத்தொம்பது, எழுபத்திரண்டு,
அறுபத்தஞ்சு.

அதோடு நின்றுவிட்டான்.

அறுபத்தைந்து என்றேன், விதிப்படி.
அதற்குப் பின் வந்த மௌனத்துக்குத் தன்மை முன்னிலை கிடையாது.
கவனம் சிதறுகிறது என்று டாக்டர் எழுதுவதைத்
தலைகீழாகப் படித்தேன்.
அரை மணி முன்னால், வேறு ஏதோ கேள்விக்கு,
சட்டகம் அறுபத்தஞ்சுக்குப் பக்கத்துல கெடந்தான் என்று
இதே வாயால்
நானேதான் சொல்லியிருந்தேன்.

கூட்டாதே.

"டாக்டர், இப்போது பேசுவது நான்" என்று ஆரம்பித்தேன்.
பேனாவை மூடினார். கேட்டார். திறந்தார்.
என்ன எழுதினார் என்று தெரியாது,
இடது கை மறைத்திருந்தது.

வெளியே வந்ததும்,
"நூத்துக்கு எத்தனக்கா வாங்கணும்?"
என் மகன் தொடக்கநிலை ஆறு, அவனும் இப்படித்தான் கேட்பான்.
அவனுக்கு நிறைய வாங்கினால் நல்லது.
இவனுக்கு எது நல்லதென்று எனக்குத் தெரியவில்லை.
கூடினால் பணம், பணத்தோடு விமான டிக்கெட்,
அறந்தாங்கியில் பெண்வீட்டார் காதுக்கு
முன்னாலேயே போய்ச்சேரும் ஒரு வார்த்தை.
குறைந்தால் மறுபடி தொட்டி.
அறிக்கை வரட்டும் தம்பி என்றேன்.
சம்பளம் வாங்கும் மொழிபெயர்ப்பாளர் சொல்லக்கூடியது அதுதான்.

மின்தூக்கியில் ஆறு பேர் இறங்கினோம்.
தரைத்தளத்தில் கதவு திறந்ததும்
ஈரக் குடையோடு ஒருவர் போனார்.
சக்கர நாற்காலியும் அதைத் தள்ளியவரும்.
கைப்பேசியைப் பார்த்தபடி ஒரு தாதி.
அடைக்கலம் கதவை முழங்கையால் தடுத்து நின்றான்,
உதடு அசைந்துகொண்டிருந்தது.
"நீங்க போங்கக்கா."

போனேன்.
திரும்பிப் பார்த்தபோது
இடது உள்ளங்கையில் ஆள்காட்டி விரலால்
ஒரு கோடு கிழித்துவிட்டு
வெளியே காலெடுத்து வைத்தான்.