செத்தல் மிளகாய்

அம்பாறை ஆஸ்பத்திரியில நான் தரை துடைக்கிறவ.
தமிழ் வராத டொக்டர் இருக்கிற நாளில
துடைப்பத்தைச் சுவரில சாத்திப்போட்டு
நான்தான் தமிழ்.

ரத்தம் தெரியும் சிங்களத்தில. மூத்திரம், தையல்,
காய்ச்சல், பிள்ளைத்தாச்சி,
இதில கையெழுத்து வை, ஆள் முடிஞ்சிட்டார்.
பதினெட்டு வருசமாய்ச் சேத்த சொல்லு.

வீரமுனையிலயிருந்து வந்த நேசமலர்
கதிரை நுனியில இருந்தா. வயசு அம்பத்திரெண்டு.
தீட்டு நிண்டு மூண்டு வருசம்.
கதவைப் பாத்தா, என்னைப் பாத்தா,
மறுகா மடியில கிடந்த பையிட்டச் சொன்னா:
"அவரு கிட்ட வாற நேரம்
மணல் போட்டுத் தேச்ச மாதிரி எரியுது கா.
எனக்கு ஆசை இல்லையெண்டு இல்ல.
அதயும் சொல்லு."

அதயும் எப்பிடிச் சொல்ல?
அந்தச் சொல்லு எனக்குச் சிங்களத்தில இல்ல.
தமிழில கிடந்ததை
வாயால ஒருக்காலும் எடுத்ததில்ல.
சந்தையில பொறுக்கின ஒண்டுதான் கைக்கு வந்திச்சு,
செத்தல் மிளகாய்க்கு அவங்க சொல்லுறது,
வேளிச்ச. காய்ஞ்சது.
நாங்க செத்தது எண்டுறம்.

"காய்ஞ்சு போச்சாம்" எண்டன்.
டொக்டர் நாக்கை நீட்டச் சொன்னார்.
நீட்டினா.
சீனி பாக்கத் துண்டு எழுதினார்.

அடுத்த கிழமை திரும்பவும் வந்தா.
"சீனி இல்லயாம் கா.
நாக்கு இல்லையெண்டு நீ சொல்லல்லயா?"

நான் சொல்லல்ல.
எனக்கும் நாப்பத்தொன்பது.

இண்டைக்குச் சொன்னன். கையால.
என்ர நீலச் சட்டையில, அடிவயித்துக்குக் கீழ
கையை வெச்சுக்கொண்டு
அந்த மிளகாய்ச் சொல்லைத் திருப்பிச் சொன்னன்.

டொக்டர் பேனைக்கு மூடி போட்டார்.
நேர்ஸ் திரையைச் சரிசெய்யப் போனா,
அது சரியாத்தான் கிடந்தது.

பொய் சொல்லப்படாது, அவர் நல்ல மனிசன்.
சாமம் ரெண்டு மணிக்கு ஓடி வந்து
எத்தின தாயையும் பிள்ளையையும் பிரிச்சு எடுத்தவர்.
சிரிச்சார். கெட்ட சிரிப்பில்ல.
பல்லு விழுந்த பிள்ளை வாயத் திறந்து காட்டினா
நாங்க சிரிக்கிற சிரிப்பு.
"இந்த வயசில இனி என்னத்துக்கு?
கோயில் குளத்துக்குப் போகச் சொல்லுங்க.
கல்சியம் தாறன்."

கல்சியத்தை மட்டும் தமிழில சொன்னன்.

நேசமலருக்கு மிச்சம் விளங்கிச்சு.
சிரிப்புக்கு ஆரும் மொழி சொல்லத் தேவையில்ல.
அவ எழும்பல்ல.
முந்தானையை இழுத்து இடுப்பில செருகினா.
"ஐயாட மனிசிக்கு எத்தின வயசு
எண்டு கேளு கா.
அவவுக்கும் கல்சியந்தானா?"

மனிசி. வயசு. எத்தின.
மூண்டு சொல்லும் எனக்குச் சிங்களத்தில நல்லாத் தெரியும்.

வெளியில நாப்பத்தேழு எண்டு கூப்பிடுறாங்க.
கதவு பாதி திறந்து கிடக்கு.
சாத்தி வெச்ச துடைப்பம் சரிஞ்சு விழுந்திச்சு,
குனிஞ்சு எடுக்கல்ல.
"டொக்டர்" எண்டன்.