எத்தனை மாசம்

இரவு இரண்டே கால். ஜி.எச். மூன்றாவது மாடி.
டூட்டி டாக்டர், என் தங்கை வயசு இருக்கும்,
ஸ்கேனை டியூப்லைட்டில் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:
மூளை வீங்குது, ஓட்டுக்குள்ள இடமில்ல,
ஒரு பக்கம் எலும்பை எடுத்துத் திறந்து விடணும்.
எடுத்ததை எங்க வைப்பீங்க?
கேட்டது நான்தானா, தெரியவில்லை.
வயித்துல, என்றாள்.
அவங்க வயித்துலயே, தோலுக்கடியில. கெட்டுப்போகாது.

கையெழுத்துப் போட்டேன்.
பேனா எழுதவில்லை.
உதறி மறுபடி போட்டேன்.

கேரிபேக்கில் முடியைக் கொடுத்தார்கள்.
காஸ் துணியில் சுற்றிய தாலி, ஒரு மெட்டி.
இன்னொரு மெட்டி
வியாசர்பாடியில், வெள்ளைக் கோடு அழிந்துபோன
அந்த வேகத்தடைப் பக்கம் கிடக்கலாம்.
நாற்பதில்தான் போனேன் சார்.
போலீஸ் எழுதிக்கொண்டார்.
ஹெல்மெட் ஒன்றுதான் இருந்தது,
அது என் தலையில் இருந்தது.
அதை அவர் கேட்கவில்லை.

காலையில் கட்டின் மேல் மார்க்கரில் எழுதியிருந்தது:
எலும்பு இல்லை. அழுத்தாதீர்.

பவுனு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங்.
காதுக்கு முன்னால் தொடங்கி
கேள்விக்குறியாய் வளைந்து நெற்றியில் வந்து நிற்கிற
இந்தத் தையலை அவள் பார்த்திருந்தால்
பிரித்து மறுபடி போடச் சொல்லியிருப்பாள்.

மண்டையோட்டில் நெளிநெளியாய் ஓடுமே கோடு,
அதைத்தான் தலையெழுத்து என்பார்கள்.
அதில் ஒரு துண்டு இப்போது
தொப்புளுக்கு வலப்பக்கம்,
சிசேரியன் தழும்புக்குச் சற்று மேலே.
சட்டையை இறக்கிவிடுகிற சாக்கில்
என் கை அங்கே போய்ப் போய் வருகிறது.
ஒன்றும் படிக்க முடியவில்லை.

உட்கார வைத்தால் தலை அந்தப் பக்கம் குழிகிறது.
இருமினால் புடைக்கிறது.
நர்ஸ் இல்லாத நேரம் ஒருமுறை
விரல் நுனியால் தொட்டேன்.
துடித்தது.
மகள் பிறந்த வாரம் அவள் உச்சிக்குழி
இப்படித்தான்.
எடுத்துவிட்டேன் விரலை.

பேச்சு வந்தது நாற்பதாம் நாள்.
என்னை நூல் என்றாள்.
தண்ணீரும் நூல். ஜன்னலில் வந்த காக்காயும்.
மகளைப் பார்த்து, மீடியம்.
அவள் சிரித்தாள், சிரித்துவிட்டு
பாத்ரூம் போய் வெகுநேரம் குழாயைத் திறந்து வைத்திருந்தாள்.

நேற்று செக்கப்புக்கு பிராட்வே பஸ்.
தலைக்கு ஸ்கார்ஃப். இடக்கையில் கம்பி.
சொன்ன பேச்சு கேட்காத வலக்கையை
நான்தான் மடக்கி அவள் வயிற்றின் மேல் வைத்திருந்தேன்.
காலேஜ் பையன் ஒருவன் சட்டென்று எழுந்தான்.
ஜன்னலோரம் இருந்த அம்மா
மீன் கூடையைக் காலால் நகர்த்தி இடம் விட்டார்.
எத்தினி மாசம்?
பவுனு என்னைப் பார்த்தாள்.
மூணு, என்றேன். பொய்யில்லை.
அந்தம்மா எட்டி, முன்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்:
ஏம்ப்பா டிரைவரு,
மேடு பள்ளம் பாத்துப் போ.
உள்ள ஆள் இருக்கு.