செயப்பாட்டுவினை

நான்கு நாள் விசாரணை.
நான்கு நாளும் தட்டச்சு செய்தவள் நான்.
ஸ்லாதினா. மாவட்ட நீதிமன்றம், இரண்டாம் மாடி.
ஹீட்டர் பழுது. கையுறையின் விரல்நுனிகளைக் கத்தரித்துவிட்டு
அடித்தேன்.

வாரியத்தின் வழக்கறிஞர் சோஃபியாவிலிருந்து வந்திருந்தார்,
காரில்.
சிவப்பு விளக்கு பராமரிக்கப்படவில்லை என்றார்.
கடிதம் பெறப்பட்டது. பரிசீலிக்கப்பட்டது.
அடுத்த நிதியாண்டுக்கு ஒத்திவைக்கப்பட்டது.
கோப்பு வேறு மேசைக்கு நகர்த்தப்பட்டது.
நகர்த்தியது யார் என்றார் நீதிபதி.
கோப்புக்குத் தானே கால் முளைத்ததுபோல்
எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

ஒப்பந்தக்காரர் வந்தார்:
பணி வேறொருவருக்கு உள்ஒப்பந்தமாக வழங்கப்பட்டது.
அந்த வேறொருவர் வந்தார்:
தொகை விடுவிக்கப்படவில்லை.
அமைச்சகத்திலிருந்து ஆள் வரவில்லை, ஒரு தாள் வந்தது:
ஆழ்ந்த வருத்தம் தெரிவிக்கப்படுகிறது.

பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன்,
வாக்கியத்துக்கு எழுவாய் வேண்டும் என்று.
நூற்று நாற்பது பக்கம் அடித்தும்
ஒன்றுகூட எழவில்லை.
செயப்படுபொருள்கள் மட்டும் இருந்தன,
பதினேழு,
பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில், வரிசையாக,
கால்விரலில் எண் கட்டி.

மூன்றாம் நாள் ஒக்னியான் பச்வாரோவ்.
ஸ்திரெல்கோவோ நிலையத்தின் இரவுப் பணியாளர்.
பிஸ்கட் டப்பாவைத் திறந்து
ஏழு கடிதங்களின் கார்பன் நகல்களை மேசையில் வைத்தார்.
ஏழிலும் ஒரே வேண்டுகோள்:
ஒரு பல்பு. விலை பதினோரு லெவா.
பிறகு சொன்னார்:
"பனி. விளக்கு தெரியவில்லை. போன் போட்டேன்.
அனுப்பு என்றார்கள்.
நான் அனுப்பினேன்."

நான்.
இரண்டே எழுத்து. அடிக்கும்போது விரல் தடுமாறியது,
அதுவரை அந்தச் சொல்லே வராததால்.
மாலையில் அவரை மட்டும் கைது செய்தார்கள்.
(இல்லை, பதிவேட்டில் உள்ளபடி சொல்கிறேன்:
அவர் கைது செய்யப்பட்டார்.)

நான்காம் நாள், யாரும் அழைக்காமல்,
ஃபிதாங்கா என்றொருத்தி எழுந்து நின்றாள்.
முந்தைய நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவள்.
"கவுன்ட்டரை மூடிவிட்டேன். மூன்று பேர் ஓடி வந்தார்கள்.
கண்ணாடியைத் தட்டினார்கள்.
சிரித்தார்கள்.
நான்தான் திறந்தேன்."
வேறெதுவும் சொல்லவில்லை. தன் ஸ்கார்ஃபின் முடிச்சை
அவிழ்ப்பதும் போடுவதுமாக நின்றாள்.
வழக்குக்குத் தொடர்பில்லாதது, நீக்குங்கள் என்றார் நீதிபதி,
அதட்டாமல்.
நீக்கினேன்.

விபத்து நடந்த ஐந்தாம் நாள் காலையில்
ஸ்திரெல்கோவோவில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்ததாம்.
ஏணி வைத்து ஏறியவரை
எவரும் பார்க்கவில்லை.

இறுதி அறிக்கை. கடைசிப் பக்கம்.
பதினேழு உயிர்கள் இழக்கப்பட்டன என்று அடிக்க வேண்டும்.
உயிர்களுக்கும் இழப்புக்கும் நடுவே
ஒரு பெயர் உட்காரும் அளவுக்கு
இடம் விட்டு அடித்தேன். வேண்டுமென்றேதான்.
மேலதிகாரி பென்சிலால் வட்டமிட்டு அனுப்பினார்:
இங்கே ஏன் ஓட்டை?

மறுபடி தட்டினேன், நெருக்கமாக.
ஓரத்தில் விதிப்படி குறிப்பு எழுத வேண்டும்.
எழுதினேன்:
பிழை திருத்தப்பட்டது.

யாரால் என்று
நானும் எழுதவில்லை.